நான்கு குர்ட்டன், ஒரு சிவனொளிபாதம்

பேர்ண் நகரின் தெற்கு ஓரத்தில் குர்ட்டன் என்று ஒரு மலை இருக்கிறது. மலை என்று நாங்கள்தான் சொல்கிறோம். சுவிஸ்காரருக்கு அது ஒரு மேடு. உயரம் 858 மீற்றர். 9ஆம் இலக்க ட்ராமில் ஏறி வாபெர்னில் இறங்கினால், 1899ஆம் ஆண்டு முதல் ஓடுகிற சின்ன இழுவை ரெயில் சில நிமிடங்களில் உச்சியில் கொண்டுபோய் விட்டுவிடும். வானம் வெளித்த நாளில் ஐகர், மொங்க், யுங்பிறவ் மூன்றும் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிக்கொண்டுபோய்ப் படம் எடுத்து அனுப்புகிற இடம் அது. முப்பது வருடத்துக்கு மேலாக இந்த நகரத்தில் குடியிருக்கிறோம். அந்த உச்சியில் எத்தனையோ தடவை நின்றிருக்கிறோம். ஒரு தடவையாவது கால்நடையாக ஏறியதில்லை.

2022 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாக நடந்து ஏறினோம். ஏறியது 270 மீற்றர் உயரம்கூட இல்லை. பிள்ளை வண்டி தள்ளிக்கொண்டு வந்த தாய் ஒருத்தி எங்களை முந்திப் போனாள். எழுபது வயதைத் தாண்டிய தம்பதியர் ஒருவர் "குறுட்சி" சொல்லிவிட்டுப் போனார்கள்; நாங்கள் பதில் சொல்ல மூச்சு இல்லாமல் தலையை ஆட்டினோம். ஒரு மணித்தியாலம் ஐம்பது நிமிடம் எடுத்தது. இறங்கும்போது வெட்கத்தை விட்டு ரெயிலில் வந்தோம்.

ஏன் அன்று அந்த வேலை பார்த்தோம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு பயணப் பெட்டி

அதே வருடம் ஒக்ரோபரில் எங்கள் நண்பர் ஒருவர் இறந்து போனார். வயது ஐம்பத்தாறு. இங்கு வந்த காலத்தில் ஒரே குசினியில் கோப்பை கழுவியவர். இரவு வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, படுத்தவர் எழும்பவில்லை. டிசம்பரில் ஊருக்குப் போக ரிக்கற் எடுத்து வைத்திருந்தார். பெட்டியில் பாதி கட்டியாகிவிட்டது. சகோதரங்களின் பிள்ளைகளுக்கென்று வாங்கி அடுக்கிய சொக்கிலேற்றுகள் அதற்குள் இருந்தன. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்தவர்களுக்கு அவருடைய மனைவி அந்தச் சொக்கிலேற்றுகளைத்தான் பகிர்ந்து கொடுத்தார். நாங்களும் வாங்கிக்கொண்டோம். வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தோம். பல நாட்கள் அதை யாரும் பிரிக்கவில்லை.

எங்கள் கதையும் வேறு இல்லை. எங்களில் ஒருவருக்குச் சீனி வருத்தம், மற்றவருக்குப் பிரஷர். யாருக்கு எது என்று கேட்காதீர்கள். கலியாணம் கட்டி முப்பது வருடம் போனால் வருத்தமும் பொதுச்சொத்துத்தான். சிகரெட் மட்டும் ஒருவருடையது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு.

வைத்தியர் சொல்லாததல்ல. தென்னாசியர்களான எங்களுக்கு ஐரோப்பியரைவிடக் குறைந்த நிறையிலேயே நீரிழிவு வந்துவிடுகிறது, கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேருகிறது என்று விளங்கப்படுத்தியிருக்கிறார். எங்கள் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 என்பதே எச்சரிக்கைக் கோடு என்று அளவு நாடாவையும் காட்டினார். நாங்கள் இருவருமே அந்தக் கோட்டை எப்போதோ தாண்டிவிட்டோம். அவர் சொல்லும்போது பயம் வரும். அந்தப் பயம் மூன்று கிழமை நிற்கும். பிறகு யாருடையதாவது சாமத்தியச் சடங்கு வரும். றோல்ஸ், பற்றீஸ், மட்டன் புரியாணி, வட்டிலப்பம். அன்றோடு பயம் முடிந்துவிடும்.

பழக்கம் எங்கிருந்து வந்தது

புத்திமதி சொல்பவர்கள் எங்களைச் சோம்பேறிகள் என்று நினைக்கிறார்கள். அது சரியல்ல. இந்தப் பழக்கங்கள் எல்லாம் உழைப்பிலிருந்து வந்தவை.

எண்பதுகளில் இங்கு வந்து இறங்கிய எம்மவருக்குக் கிடைத்தது றெஸ்ரோரன்ற் குசினி வேலை. காலை பத்து மணி தொடங்கி இரண்டு மணி வரை, பின்னர் மாலை ஐந்து தொடங்கி இரவு பதினொன்றரை வரை. மற்றவர்கள் சாப்பிடும் நேரமெல்லாம் நாங்கள் வேலையில் நின்றோம். நடுச்சாமம் வீட்டுக்கு வந்து ஒரு கோப்பை சோறு. அதுதான் அன்றைய நாளின் ஒரே சந்தோசம். அதைச் சாப்பிட்டுக்கொண்டே ஊருக்கு ரெலிபோன் எடுத்தோம், சீட்டுக் கணக்குப் பார்த்தோம், வதிவிட அனுமதிக் கடிதம் வந்ததா என்று தபாலைப் பிரித்தோம். பிறகு அப்படியே படுத்தோம். பகலில் கிடைத்த நேரத்தில் இரண்டாவது வேலை: துப்புரவு வேலை, பத்திரிகை போடும் வேலை. சிகரெட் என்பது குசினியின் பின்கதவால் வெளியே வந்து ஐந்து நிமிடம் நிற்பதற்கு இருந்த ஒரே அனுமதி. புகைக்காதவனுக்கு அந்த ஐந்து நிமிடமும் கிடையாது.

மற்றது, சோற்றை எறிய எங்களுக்கு மனம் வராது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பாணுக்கு வரிசையில் நின்றவர்களிடம், கோப்பையில் மிச்சம் விடு என்று சொல்வது லேசான காரியமல்ல. பிள்ளைகள் விட்ட மிச்சம், பானையில் கிடந்த மிச்சம், விசேட வீட்டில் கட்டித் தந்த மிச்சம் எல்லாம் எங்கள் வயிற்றுக்குத்தான் போனது. சுருக்கமாகச் சொன்னால், உடம்பை ஈடு வைத்துக் கடன் எடுத்தோம். அந்தக் காசில் தங்கச்சிமார் கரை சேர்ந்தார்கள், தம்பிமார் வெளிநாடு வந்தார்கள், எங்கள் பிள்ளைகள் படித்தார்கள். அதற்காக வருத்தப்படவில்லை. ஆனால் ஈட்டை மீட்கும் காலம் வந்தபோது நாங்கள் அதை மறந்திருந்தோம்.

திருந்த முயற்சி செய்யாமலும் இல்லை. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் சபதம் எடுத்தோம். நடக்கும் மெசின் ஒன்று வாங்கினோம். அது உடுப்புக் காயப்போட நல்ல வசதி. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் ஒருநேரம் சாப்பிட்டோம். ஏழாம் நாள் பாறணையில் ஆறு நாளையும் சேர்த்துச் சாப்பிட்டோம்.

அடுத்த பருவம்

நண்பரின் அந்தியேட்டி முடிந்து சில நாட்களில் எங்கள் மகள் ஒரு கேள்வி கேட்டாள். அவள் பேர்ணில் பிறந்து வளர்ந்தவள்.

"அம்மா, அப்பா, நீங்கள் ஊருக்குப் போனதெல்லாம் செத்தவீட்டுக்குத்தானே? ஒருக்காலாவது சும்மா போனீங்களா?"

யோசித்துப் பார்த்தோம். உண்மைதான். அகதிக்குரிய நீலப் பயணப்பத்திரம் இருந்த காலத்தில் எந்த நாட்டுக்கும் போகலாம், பிறந்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது. 2005இல் சுவிஸ் கடவுச்சீட்டு கிடைத்தது. அப்போது போர் திரும்பவும் மூளும் நேரம். பின்னர் 2011இல் ஒரு தாய்க்கு, 2015இல் மற்றத் தாய்க்கு. இரண்டு தடவையும் பத்து நாள், வெள்ளைச் சேலை, எட்டுச் செலவு, திரும்பி வேலை.

"அப்ப, செத்தவீடு இல்லாமல் ஒருக்கால் போவம். எங்க போக ஆசை?"

அதற்கு எங்களில் ஒருவர் யோசிக்காமலே சொன்ன இடம் சிவனொளிபாத மலை.

1983 சித்திரை விடுமுறையில் யாழ்ப்பாணத்திலிருந்து பள்ளிக்கூடச் சுற்றுலா போனது. அப்போது வயது பதினேழு. இரவு முழுதும் ஏறி, உச்சிக்குக் கிட்ட வந்தபோது பெரும் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பேருக்குக் காய்ச்சல். சேர் எல்லாரையும் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "பரவாயில்லை தம்பிமாரே, அடுத்த பருவத்துக்கு வருவம்" என்றார். அந்த மலையின் யாத்திரைப் பருவம் மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசிப் பௌர்ணமியோடு முடியும். அடுத்த பருவம் 1983 டிசம்பரில் தொடங்கவிருந்தது. இடையில் ஆடி மாதம் வந்தது. அந்த ஆடியில் என்ன நடந்தது என்று இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு எழுதத் தேவையில்லை.

மற்றவர் மலையகத்தைக் கண்ணாலும் கண்டதில்லை. ஆனாலும் சம்மதித்தார். மகள் அன்றிரவே கணக்குப் போட்டாள். நல்லதண்ணியிலிருந்து உச்சிக்கு ஏறவேண்டியது ஏறத்தாழ ஆயிரம் மீற்றர். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். குர்ட்டன் ஒரு தடவை ஏறினால் 270. "அப்ப நாலு குர்ட்டன். ஒரே இரவில." அதை ஒரு கடதாசியில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள்: நான்கு குர்ட்டன், 2024 பெப்ரவரி. நாங்கள் முதல் குர்ட்டனில் மூச்சு வாங்கிய கதையைத்தான் தொடக்கத்தில் சொன்னோம்.

பதினான்கு மாதம்

வைத்தியரிடம் போய் இப்படி ஒரு எண்ணம் என்றோம். அவர் சிரிக்கவில்லை. எங்களைச் சைக்கிள் மிதிக்கவைத்து இருதயத்தின் வரைபடம் எடுத்துப் பார்த்தார். ஏறலாம், ஆனால் இன்றைய உடம்போடு அல்ல என்றார். இத்தனை வருடம் அவர் சொன்னதெல்லாம் "செய்யாதே" என்ற பட்டியல். அன்றுதான் முதன்முதலாக நாங்கள் அவரிடம் "எப்படிச் செய்வது?" என்று கேட்டோம்.

செய்தவை பெரிய வித்தைகள் இல்லை. வரிசையாகச் சொல்கிறோம், யாருக்காவது பயன்படலாம்.

முதலில் நடுச்சாமச் சோறு. அதை நிற்பாட்டவில்லை, இடம் மாற்றினோம். வேலைக்குப் போகுமுன் நாலரை மணிக்கு ஒழுங்கான சாப்பாடு. இரவு வந்தால் ஒரு கிண்ணம் சூப் அல்லது தயிர். முதல் இரண்டு கிழமை நித்திரை வரவில்லை. மூன்றாம் கிழமை காலையில் பசி வந்தது. காலைப் பசி என்பதை நாங்கள் வருடக்கணக்காக மறந்திருந்தோம்.

இரண்டாவது கோப்பை. பாதி மரக்கறி, கால்வாசி சோறு, கால்வாசி மீனோ பருப்போ. சோறு விட்டால் உயிர் போய்விடும் என்ற எண்ணம் பிழை என்று கண்டோம். குரக்கன் பிட்டு, கீரை, வல்லாரைச் சம்பல், பயற்றங்காய்க் கறி எல்லாம் அம்மாமார் தந்த சாப்பாடுகள்தான். வெளிநாட்டுக்கு வந்துதான் நாங்கள் தினமும் விசேட வீட்டுச் சாப்பாடு சாப்பிடத் தொடங்கினோம். மிச்சம் எறியக்கூடாது என்ற கொள்கையை மாற்றவில்லை, அளவாகச் சமைத்தோம். அதற்குப் பழைய பெரிய பானையை மேல்தட்டில் ஏற்றவேண்டி வந்தது.

மூன்றாவது தேத்தண்ணி. மூன்று கரண்டிச் சீனி இரண்டாகி, ஒன்றாகி, கடைசியில் இல்லாமல் போக நான்கு மாதம் எடுத்தது.

நான்காவது சிகரெட். இது மிகவும் கடினமானது. மூன்று தடவை விட்டு, மூன்று தடவை தொட்டது. வைத்தியர் தந்த ஒட்டுத்தாள் உதவியது. அதைவிட உதவியது குர்ட்டன். புகைத்த கிழமைக்கும் புகைக்காத கிழமைக்கும் நேரத்தில் உள்ள வித்தியாசம் கைக்கடிகாரத்தில் தெரிந்தது. புகையை விட்டு ஒரு வருடத்தில் இருதய நோய்க்கான ஆபத்து, புகைப்பவருடையதில் பாதியளவுக்குக் குறைகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. குசினியின் பின்கதவு ஐந்து நிமிடத்தை மட்டும் விடவில்லை. வெளியே போய்ச் சும்மா நிற்கிற உரிமையைக் கேட்டு வாங்கியாயிற்று.

ஐந்தாவது நடை. ஒவ்வொரு ஞாயிறும் குர்ட்டன். மழையென்றால் குடை, பனியென்றால் அதற்குரிய சப்பாத்து. மார்ச்சில் ஒரு மணித்தியாலம் இருபது நிமிடம். யூனில் ஒரு மணித்தியாலம். செப்ரெம்பரில் ஒரே நாளில் இரண்டு தடவை. நவம்பரில் மூன்று. நான்கு மட்டும் ஏறவில்லை. அது அங்கேதான் என்று வைத்திருந்தோம்.

நேராக மேலே போன கதை இல்லை இது. ஓகஸ்ற்றில் இரண்டு கலியாணவீடு, ஒரு பூப்புனித நீராட்டுவிழா. அந்த மாதம் மூன்று கிலோ திரும்பி வந்தது. "என்ன மெலிஞ்சு போனீங்கள், ஏதும் வருத்தமோ?" என்று கேட்டவர்கள் பலர். எங்கள் சமூகத்தில் வண்டி வைத்தால் வசதி, மெலிந்தால் வருத்தம். இரண்டாவது றோல்ஸை வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிறார்கள். "ஒண்டுதானே" என்று சொல்லிச் சொல்லியே எங்களைக் கொல்கிற அன்பு அது. நாங்களும் மற்றவர்களுக்கு அப்படித்தான் செய்து வந்தோம் என்பதையும் ஒத்துக்கொள்கிறோம்.

அப்படித் தளர்ந்த நாட்களில் கடதாசியைப் பார்ப்போம். ரிக்கற் ஏற்கெனவே எடுத்தாயிற்று, மூன்று பேருக்கு. மலை பொறுமையாக இருக்கும், திகதி பொறுக்காது. வைத்தியர் சொன்ன வியாதி எப்போதோ ஒரு நாள் வரும் விசயம். ஆகையால் நாளைக்குத் திருந்தலாம் என்று மனம் சொல்லும். பெப்ரவரி அப்படியல்ல. அது ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கிழமை கிட்ட வந்தது.

2024 தை மாதப் பரிசோதனையில், மூன்று மாதச் சராசரிச் சீனியின் அளவு 8.4இலிருந்து 6.9க்கு இறங்கியிருந்தது. பிரஷர் குளிசை பாதியானது. நிறை ஒருவருக்கு ஏழு கிலோ, மற்றவருக்கு ஐந்து கிலோ குறைந்தது. ஒன்றை அழுத்திச் சொல்கிறோம்: குளிசையையோ ஊசியையோ நாங்களாகக் குறைக்கவில்லை. வைத்தியர்தான் குறைத்தார். சீனி வருத்தக்காரர் திடீரென்று பட்டினி கிடந்து மலை ஏற வெளிக்கிட்டால் சீனி மளமளவென்று இறங்கி மயங்கி விழ நேரும். அதனால் ஏறும்போதெல்லாம் சட்டைப்பையில் குளுக்கோஸ் குளிசை இருந்தது.

நல்லதண்ணி

கொழும்பிலிருந்து ரெயிலில் ஹட்டன். அங்கிருந்து வானில் நோர்வூட், மஸ்கெலியா. மஸ்கெலியாவில் மவுசாகலை நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கிறது. பழைய மஸ்கெலியா ஊர் அதற்கடியில் இருக்கிறது என்றும், கோடையில் நீர் வற்றும்போது அந்த ஊரின் கோயில் வெளியே தெரியும் என்றும் வான்காரர் சொன்னார். மூழ்கிய ஊர் ஒன்றைப் பார்க்கும்போது எங்களைப் போன்றவர்களுக்குப் பேச்சு வருவதில்லை.

வழியெல்லாம் தேயிலை. லயக் காம்பராக்கள். கூடையோடு நிற்கும் பெண்கள். அந்த மக்களின் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்து, மன்னார்ப் பக்கத்துக் காட்டுவழியே நடந்து மலைக்கு ஏறியவர்கள். வழியில் விழுந்து செத்தவர்கள் கணக்கில்லை. அந்த வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. பதினான்கு மாதம் சப்பாத்தும் கடிகாரமும் வைத்து நடை பழகிய நாங்கள், அந்த நடையை எண்ணிக் கொஞ்சம் கூசினோம். 1948இல் அவர்களின் குடியுரிமை பறிக்கப்பட்டபோது வடக்கில் இருந்த எங்கள் பெரியவர்கள் எல்லோருமே துணை நின்றார்கள் என்றும் சொல்வதற்கில்லை.

பௌர்ணமிக்குச் சனம் நெருக்கும் என்பதால் அதற்கு முந்திய வாரநாள் ஒன்றைத் தெரிந்தெடுத்தோம். இரவு பதினொரு மணிக்குத் தொடங்கினோம். அடிவாரத்திலிருந்து உச்சிவரை மின்விளக்குகள் வளைந்து வளைந்து போகின்றன. கடைசி விளக்குகள் எங்கே முடிகின்றன, நட்சத்திரம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தொடக்கத்தில் வழி லேசானது. யப்பானிய பிக்குகள் கட்டிய வெள்ளைச் சமாதானத் தாதுகோபம் இருட்டில் தெரிந்தது. சீத்தகங்குல ஆற்றில் கால் முகம் கழுவினோம். அதன்பின் படிகள் தொடங்கின.

அந்த மலையில் எல்லோருக்கும் ஒரு பாதம் இருக்கிறது. சைவர்களுக்குச் சிவன் பாதம், பௌத்தர்களுக்குப் புத்தர் பாதம், இஸ்லாமியருக்கு ஆதம் நபியின் பாதம், கிறிஸ்தவர்களில் சிலருக்குப் புனித தோமையாரின் பாதம். இபின் பத்தூத்தா என்ற மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் 1344இல் இதில் ஏறி எழுதி வைத்திருக்கிறார். இறங்கி வருபவர்கள் ஏறுபவர்களைப் பார்த்து "கருணாவய்" என்று சொல்கிறார்கள். முதல் தடவை ஒரு சிங்களக் கிழவர் எங்களுக்கு அப்படிச் சொன்னபோது என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் கை கூப்பினோம். பிறகு நாங்களும் சொன்னோம். அந்த நாட்டில் சிங்களத்தில் ஒரு சொல்லைப் பயமின்றிச் சொல்ல எங்களுக்கு நாற்பது வருடம் எடுத்தது. அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. சொன்னோம், அவ்வளவுதான்.

மூன்றாவது குர்ட்டன் வரை கால்கள் கணக்குப்படி நடந்தன. அதற்குமேல் மலை செங்குத்தாகிறது. படிகள் ஒரே அளவில் இல்லை. ஒன்று முழங்கால் உயரம், ஒன்று சாண் உயரம். இரும்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பத்துப் படிக்கு ஒருமுறை நின்றோம். 1983இல் மழை பிடித்த இடம் இதுவாகத்தான் இருக்கவேண்டும் என்று ஒருவர் சொன்னார். மற்றவர், "இன்னும் ஏலாது, நீங்கள் போங்கோ" என்று படியில் இருந்துவிட்டார்.

அப்போது பின்னால் வந்த தோட்டத்து அம்மா ஒருவர் எங்களருகே நின்றார். எழுபது வயது இருக்கும். தலையில் துவாய், காலில் இரப்பர்ச் செருப்பு.

"எங்கேருந்து வர்றீங்க?"

"சுவிஸ்."

"அம்மாடி! எத்தனாவது தடவ?"

"முதல் தடவை. நீங்கள் அம்மா?"

"எனக்கு இது பதினாறு." பிறகு இருந்தவரைப் பார்த்துச் சொன்னார்: "மேல பாக்காதீங்கம்மா. வெளிச்சத்தப் பாத்தா தூரமாத்தான் தெரியும். காலப் பாத்து ஏறுங்க. இந்தப் படிக்கு இந்தப் படி போதும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். மகள் கையை நீட்டினாள். எழுந்தோம். அதன்பின் உச்சிவரை மேலே பார்க்கவில்லை.

ஆறு மணிக்குச் சற்று முந்தி உச்சியில் நின்றோம். கெட்டிக்காரர் மூன்று நான்கு மணித்தியாலத்தில் ஏறுகிற மலைக்கு நாங்கள் ஏழு மணித்தியாலம் எடுத்தோம். குளிர்காற்று காதை அறுத்தது. கிழக்கே சூரியன் எழும்பியதும் எல்லோரும் மேற்குப் பக்கம் திரும்பினார்கள். மலையின் நிழல் கோபுரம் போல முக்கோணமாக முகிலின்மேல் விழுந்து கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அது சுருங்கிச் சுருங்கி மலைக்குள்ளேயே போய்விட்டது.

உச்சியில் ஒரு மணி இருக்கிறது. எத்தனையாவது தடவை ஏறினீர்களோ அத்தனை தடவை அடிக்கவேண்டும். பாதி வழியில் திரும்பியது கணக்கில் இல்லை. மூவரும் ஒவ்வொரு தடவை அடித்தோம். நண்பருக்காகவும் ஒன்று அடிக்க மனம் வந்தது. ஆனால் ஏறாதவருக்கு அடிப்பது முறையல்ல என்று விட்டுவிட்டோம். அவரும் கணக்கில் நேர்மையானவர்தான்.

இறக்கமும் பிறகும்

ஏறுவதைவிட இறங்குவது கொடுமை என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்கள் சொல்லி வைக்கிறோம். குர்ட்டனிலிருந்து ரெயிலில் இறங்கிப் பழகியதன் பலனை முழங்கால்கள் அன்று காட்டின. போக நினைப்பவர்கள் இறக்கத்தையும் பழகுங்கள். ஊன்றுகோல் கொண்டு போங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் புதுச் சப்பாத்தோடு போகாதீர்கள். காலில் ஒரு சின்னக் கொப்புளமும் உங்களுக்குப் பெரிய காரியம்.

அதன்பின் யாழ்ப்பாணம் போனோம். செத்தவீடு இல்லாத வீட்டு வாசலில் முதன்முதலாக இறங்கினோம். மாமரத்துக்குக் கீழே கதிரை போட்டுச் சும்மா இருந்தோம். நண்பரின் தமக்கை வீட்டுக்கும் போய், இந்தமுறை நாங்கள் வாங்கிய சொக்கிலேற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம்.

உண்மையை மறைக்கக்கூடாது. ஊரில் பதினைந்து நாளில் இரண்டு கிலோ கூடியது. திரும்பி வந்தபின் இன்னும் இரண்டு. மலை முடிந்துவிட்டது, கடதாசியைக் கழற்றியாயிற்று. நாலரை மணிச் சாப்பாடு மெல்ல மெல்லப் பத்துமணிச் சாப்பாடாக மாறத் தொடங்கியது. ஒரு பெரிய பயணத்துக்காகத் திருந்துபவனுக்கு இருக்கிற ஆபத்து அதுதான். பயணம் முடிய, காரணமும் முடிந்துவிடும். ஒரு நாள் இரவு அடுப்படியில் பெரிய பானை திரும்பவும் இறங்கியிருந்ததைக் கண்டோம். யார் இறக்கியது என்று இருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு குர்ட்டனுக்குப் போனோம். இந்தமுறை நண்பரின் மனைவியையும் கூப்பிட்டோம். முதல் நாள் அவருக்கு ஒரு மணித்தியாலம் ஐம்பது நிமிடம் எடுத்தது. எங்களோடு ஒத்துப்போகிற கணக்கு என்று சொல்லிச் சிரித்தோம். பின்னர் அவருடைய வேலைத்தலத்துப் பெண்கள் இருவர் சேர்ந்தார்கள். இப்போது ஏழு பேர். திருவிழா என்றாலும் காலையில் ஏறிவிட்டுத்தான் கோயிலுக்குப் போகிறோம்.

குளிர்சாதனப் பெட்டியில் வேறு ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறது. தூண் ஏரிக்கரையில் கூம்பு போல நிற்கும் நீசன் மலையின் பெயர் அதில் இருக்கிறது. உயரம் 2,362 மீற்றர். சிவனொளிபாத மலையைவிட 119 மீற்றர் கூட. அதன் ரெயில்பாதை ஓரமாக 11,674 படிகள் இருக்கின்றன. அதில் ஓட்டப்போட்டிக்காரரை வருடத்தில் ஒரு நாள் மட்டும் விடுகிறார்கள். நாங்கள் போகப்போவது பக்கத்து நடைபாதையால், அதுவும் முதலில் இடைநிலையம் வரைதான்.

பேர்ணில் இருப்பவர்கள் விரும்பினால் வாருங்கள். ஞாயிறு காலை எட்டு மணி, வாபெர்ன். வேறு நகரத்தில் இருப்பவர்களுக்கும் பக்கத்தில் ஒரு மேடு இல்லாமல் போகாது. ஊருக்கு ரிக்கற் எடுத்து வைத்திருந்தால், பெட்டி கட்டத் தொடங்குமுன் அந்த மேட்டில் ஒருமுறை ஏறிப் பாருங்கள்.